வலக்கண் தாம்பரம், இடக்கண் பூந்தமல்லி

கற்பூரம் ஏற்றி உள்ளங்கையால் அணைத்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மணிமங்கலத்துப் பெருமாள் சாட்சி. இருபத்தேழு வருஷம் நான் பிடித்த கம்பெனி பஸ் ஸ்டீயரிங் சாட்சி. கீழே வருவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் எனக்கு இனிமேல் சோறு இறங்க வேண்டாம். இந்த விஷயம் நடந்த நாளிலிருந்தே எனக்குச் சோறு சரியாக இறங்குவதில்லை என்பது வேறு. ஏன் என்று படித்தால் தெரியும். சாப்பிட்டுக்கொண்டே படிக்க வேண்டாம்.

என் மருமகன் ராஜசேகர் ஒரகடத்தில் கார் கதவு செய்கிற ஒரு கம்பெனியில், கொள்முதல் பிரிவில், ஒன்பது வருஷம் கான்டிராக்ட்டில் இருந்தவன். திருகு வாங்குவதானாலும் ரப்பர் வாங்குவதானாலும் மூன்று பேரிடம் விலை கேட்டு, கட்டம் போட்ட தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, மார்க் போட்டு மேலே அனுப்புவது அவன் பிழைப்பு. என் மகள் முத்துச்செல்வியைப் பெண் பார்க்க வந்த அன்றே அவன் சட்டைப் பையில் அப்படி ஒரு தாள் இருந்தது. பஜ்ஜித் தட்டை நீட்டுகிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். என் மகள் எழுபத்தெட்டு மார்க். அடுத்த கட்டத்தில் படப்பைப் பெண் எழுபத்தாறு. அன்றைக்கே எனக்கு அடிவயிற்றில் ஒரு குமட்டல் எழும்பியது. பஜ்ஜி என்று நினைத்து விட்டுவிட்டேன்.

போன ஆனியில் கொள்முதல் பிரிவை மூட்டை கட்டி வேறு மாநிலத்துக்கு அனுப்பினார்கள். ராஜசேகருக்கு மிச்சமிருந்தது ஒரே வழி. பெயிண்ட் அடித்து வருகிற கதவுகளைக் கடைசியாகப் பார்த்துச் சரி, சரியில்லை என்று சொல்லும் வேலை ஒன்று காலியாக இருந்தது. நிரந்தர வேலை. ஆனால் அந்த வேலை நடக்கிற கூண்டுக்குள் முகத்தை இறுக்கி மூடிய கண்கவசம் போட வேண்டும். அதற்குள் மூக்குக்கண்ணாடி போட்டால் ஆவி படிந்து இட்லிப் பானைக்குள் தலையை விட்டது போலாகிவிடும். எனவே கண்ணாடி போட்டவன் வேண்டாம் என்றார்கள். ராஜசேகருக்கு இரண்டு கண்ணும் மைனஸ் ஆறு. கண்ணாடியைக் கழற்றினால் என்னைப் பார்த்து, “அத்தே, காபி கீதா?” என்று கேட்பான். எனக்கு மீசை உண்டு. என் மனைவி ராஜம்மாவுக்குக் கிடையாது.

ஆகஸ்ட் பதினான்காம் தேதி கம்பெனியில் கண் பரிசோதனை. தேறினால் நிரந்தரம். தேறாவிட்டால் மறுநாள் நாட்டுக்குக் கிடைத்தது போல அவனுக்கும் முழுச் சுதந்திரம்.

எனவே லேசர். எனக்குக் கண்புரை எடுத்த கதை எளிது. முகாமுக்கு வேனில் ஏற்றிப் போனார்கள், எடுத்தார்கள், தயிர் சாதம் கொடுத்து இறக்கிவிட்டார்கள். எப்படி எடுக்கட்டும் என்று எவனும் என்னைக் கேட்கவில்லை. இப்போது கண்ணை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்கிறவர்கள் ஓட்டலில் கேட்பது போலக் கேட்கிறார்கள்.

முதலில் தாம்பரம் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். குளுகுளு ஹாலில் கதவு அகலத்துக்கு ஒரு டிவி. அதில் தாம்பாளம் அளவுக்கு ஒரு கண். இமைகளைக் கம்பி போட்டு விரித்து வைத்திருக்கிறது. ஒரு கொக்கி வந்து கருவிழியின் மேலே ஒரு படலத்தைத் தூக்கி, தோசையைத் திருப்புவது போல மடித்து வைக்கிறது. அதற்கு நேர் கீழே ஒரு குடும்பம் முட்டை பப்ஸ் தின்றுகொண்டிருந்தது. ஓர் அம்மாள் டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல், பப்ஸை விட்டு மஞ்சள் கருவைத் தனியாக நோண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். நான் எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன். சுவரிலும் ஒரு கண் மாட்டியிருந்தார்கள்.

உள்ளே ஆலோசனை சொல்வதற்கென்று பிரவீனா என்ற பெண். மேசையில் ஒரு பிளாஸ்டிக் கண். வடை தின்ற கையை மேசை ஓரத்தில் துடைத்துவிட்டு, அந்தக் கண்ணை டிபன் கேரியர் மாதிரி அடுக்கடுக்காகக் கழற்றினாள்.

“லேசிக்னா, மேல மெல்லிசா ஒரு மூடி மாதிரி லேசர்ல வெட்டுவோம் சார். தொறந்து, உள்ள லேசர் குடுத்து பவரைச் சரி பண்ணி, திரும்ப மூடிடுவோம். மறுநாளே நல்லா தெரியும்.”

“தையல் போடுவீங்களாம்மா?” என்றேன்.

“தையல் இல்ல ஐயா. தானா ஒட்டிக்கும்.”

“எத வெச்சு?”

“கண்ணோட ஈரத்துலயே ஒட்டிக்கும்.”

“எச்சி தொட்டு தபால் தலை ஒட்ற மாதிரி.”

“அப்டியே வெச்சிக்கங்களேன்.”

“எவனாச்சும் கண்ணுல குத்து வுட்டா?”

“அடிபடாம பாத்துக்கணும் ஐயா. மூடி நகர வாய்ப்பு இருக்கு.”

ராஜசேகர் தாளில் ‘குத்து’ என்று எழுதி, எதிரே மூன்று மார்க் குறைத்தான்.

“இன்னொண்ணு பி.ஆர்.கே. அதுல மூடியே வெட்ட மாட்டோம். மேல்தோலை மட்டும் சுரண்டி எடுத்துட்டு லேசர். தோல் நாலஞ்சு நாள்ல திரும்ப வளந்துரும். அதுவரைக்கும் கொஞ்சம் வலி, கொஞ்சம் மங்கல்.” சுரண்டி என்று சொல்லும்போது, சேப்பங்கிழங்குத் தோல் சீவுகிறவள் போல அவள் கட்டைவிரல் தானாக ஆடியது.

“ஸ்மைல்னு ஒண்ணு இருக்காமே மேடம்?” என்றான் மருமகன்.

“இருக்கு சார். அந்த மெஷின் எங்ககிட்ட இல்ல. உங்களுக்கு அது தேவையும் இல்ல.”

அந்த மெஷின் பூந்தமல்லி பக்கத்து ஆஸ்பத்திரியில் இருந்தது. அங்கே டை கட்டிய ஒருவர், பக்கத்துக் கடைப் பிரியாணியைப் பற்றிச் சொல்கிற முகத்தோடு சொன்னார்: “மூடி தொறக்கற வேலையெல்லாம் எதுக்கு சார்? இதுல லேசர் உள்ளுக்குள்ளயே சின்னதா லென்ஸ் மாதிரி ஒரு துண்டைச் செதுக்கிடும். ஓரத்துல ரெண்டு மூணு மில்லிமீட்டர் வாசல். அது வழியா அந்தத் துண்டைப் புடிச்சு வெளிய இழுத்துடுவோம். மூடியே இல்ல, அப்புறம் எங்க நகரும்? கண்ணு காய்ஞ்சு போற தொந்தரவும் கம்மி.”

படப்பை ரோட்டில் நுங்கு விற்கிறவனிடம் கட்டைவிரலை விட்டு நோண்டித் தின்ற ஆள் நான், அறுபது வருஷமாக. அந்த மனிதர் இழுத்துடுவோம் என்று விரலை மடக்கிக் காட்டிய கணத்தோடு எனக்கும் நுங்குக்கும் உள்ள உறவு அறுந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாடியில் குடியிருக்கிற அய்யாத்துரையைக் கூப்பிட்டு விசாரித்தோம். திருநெல்வேலிக்காரர், டயர் கம்பெனியில் வேலை. சுரண்டுகிற முறையில் செய்துகொண்டவர்.

“மூணு நாளு கண்ணுக்குள்ள மொளவாப்பொடியப் போட்டு அரைச்ச மாதிரில்லா இருந்துச்சி,” என்றார். “தண்ணியா ஊத்துது. தலையணையப் பிழிஞ்சா ஒரு செம்பு வரும். நாலா நாளு ஒண்ணுமில்ல, சும்மா தெளிஞ்சிட்டு. இப்பம் பளிச்சுனு தெரியுதுவே.”

“அந்தத் தலகாணிய இன்னா பண்ணீங்க?” என்றாள் முத்துச்செல்வி.

“அதுலதானே இப்பவும் படுக்கேன்.”

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

இரவெல்லாம் உட்கார்ந்து ராஜசேகர் தாளை முடித்தான். வலி, தேதிக்குள் தேறுவது, அடிபட்டால் என்ன ஆகும், கண் காய்வது, எத்தனை வருஷமாகச் செய்கிறார்கள் என்று பதினோரு வரிசை. சுரண்டல் அறுபத்தொன்று, வெளியே போனது. மூடி எண்பத்து நான்கு. இழுப்பு எண்பத்து நான்கு. சமம். காலையில் காபியோடு முடிவைச் சொன்னான்.

“வலது கண்ணு தாம்பரத்துல. இடது கண்ணு பூந்தமல்லில.”

“ஒரு கண்ணு ஒருத்தன், இன்னொரு கண்ணு இன்னொருத்தனா?” என்றேன்.

“மாமா, மொத்த ஆர்டரையும் ஒரே வெண்டாருக்குக் குடுக்கக் கூடாது. அவன் சொதப்பிட்டா லைன் நின்னுடும். பாதி பாதி குடுத்தா ஒருத்தன் போனாலும் இன்னொருத்தனை வெச்சு ஓட்டிக்கலாம். ஒம்போது வருஷமா இப்டித்தான் பண்றோம். ஒரு நாள் லைன் நின்னதில்ல.”

“மாப்ளே, அது கண்ணு. நட்டு போல்ட்டு இல்ல.”

“ஐட்டம் இன்னாவா இருந்தா இன்னா மாமா. ரூல் ஒண்ணுதான்.”

முத்துச்செல்வி கரண்டியோடு வெளியே வந்தாள். “அப்போ என்னை மட்டும் எதுக்கு ஒரே எடத்துல எட்த்துகினு வந்தே? படப்பையாண்ட பாதி ஆர்டர் குடுத்துகிறதுதானே?”

அவன் யோசித்தான். யோசித்ததுதான் தப்பு. அன்று அவனுக்கு மூன்று வேளையும் ஓட்டல்.

ஜூலை மாதம் முதல் வெள்ளிக்கிழமை காலை தாம்பரத்தில் வலது கண்ணை முடித்தார்கள். எனக்கு வெளியே கண்ணாடி வழியாகப் பார்க்க இடம் கொடுத்தார்கள். அவர்களுக்கு அது சலுகையாம். மூடியைத் தூக்கினார்கள். ஒரு சத்தம், டப் டப் டப் என்று. கோழியின் மயிரைப் பொசுக்குகிற வாடை கதவிடுக்கு வழியாக வந்தது. பக்கத்தில் இருந்தவர், “இன்னிக்கி கேன்டீன்ல சிக்கனா?” என்றார். மூடியை மூடி, ஒரு தூரிகையால் தடவிவிட்டார்கள். எனக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் கொடுத்து ஓரமாக உட்காரச் சொன்னார்கள்.

மத்தியானம் ஆட்டோ பிடித்துப் பூந்தமல்லி. அங்கே இடது கண்ணில் ஓரமாய் வாசல் திறந்து, அந்தத் துண்டை இழுத்தார்கள். எல்லாம் முடிந்து எழுப்பப் போன நேரத்தில் ராஜசேகர் படுத்தபடியே கேட்டான்: “ஸ்கிராப் எங்க?”

டாக்டருக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில், வேலைக்குக் கொடுத்த இரும்பை வெட்டி, சீவி, துளைத்த பிறகு மிஞ்சுகிற துண்டு துணுக்கெல்லாம் இரும்பு கொடுத்தவனுக்கே சொந்தம். எடை போட்டுத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கண் யாருடையது? ராஜசேகருடையது. அப்படியானால் துண்டும் அவனுடையது.

மருந்து டப்பா ஒன்றில் இரண்டு சொட்டு நீர் விட்டு, அதில் போட்டுக் கொடுத்தார்கள். வெள்ளரி விதை மாதிரி, கண்ணுக்கே தெரியாத மெல்லிசில் ஒரு ஜவ்வு. அதை அவன் எங்கள் பிரிட்ஜில், மாவுப் பாத்திரத்துக்கும் பால் பாக்கெட்டுக்கும் நடுவில் வைத்தான். ஞாயிற்றுக்கிழமை ராஜம்மா ஜவ்வரிசிப் பாயசம் வைத்தாள். ஊறப்போட்டதில் ஒன்று டப்பாவில் தங்கிவிட்டது என்று நினைத்து அதையும் சேர்த்துவிட்டாள். நன்றாக இருக்கிறதே என்று நான் இரண்டு டம்ளர் குடித்தேன். செவ்வாய்க்கிழமைதான் விஷயம் தெரிந்தது. அதற்குப் பிறகு என் வீட்டில் பாயசம் கிடையாது. பண்டிகைக்கும் கிடையாது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பார்வை வந்த பிறகுதான் பேஜாரே.

வலது கண்ணுக்குத் தூரம் வந்தது. மாமூல் தூரம் இல்லை. சேரப்பணஞ்சேரியில் எங்கள் மொட்டை மாடியில் நின்றுகொண்டு, குன்றத்தூர் மலைக் கோயிலில் நிற்கிறவன் எந்த விரலில் மோதிரம் போட்டிருக்கிறான் என்று சொன்னான். அந்த ஆள் மூக்கில் விரல் விட்டதையும் விரலை எங்கே துடைத்தான் என்பதையும் சொன்னான். பிரசாதம் வாங்கப் போகிறவர்களே, கைப்பிடிக் கம்பியைத் தொடாதீர்கள். இதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன்.

இடது கண்ணுக்குக் கிட்டத்துப் பார்வை வந்தது. அது எட்டு அங்குலத்துக்குள் எதையும் விட்டுவைக்கவில்லை. காலையில் இட்லியைத் தட்டில் வைத்தால் வலக்கண்ணை மூடிக்கொண்டு குனிவான்.

“இது அசையுது அத்தே.”

“ஆவி வருதுய்யா. சூடு.”

“ஆவி இல்ல. கால் கீது.”

என்னைப் பார்த்தான். “மாமா, கொஞ்சம் வாயத் தொறங்க.” திறந்தேன். பத்து நிமிஷம் உற்றுப் பார்த்தான். “உங்க பல்செட்டுல மூணு குடும்பம் வாழுது. ஒண்ணு இப்பத்தான் குடி வந்துகீது போல. சாமான் இறக்கினுகீறாங்க.” அன்று முதல் பல்செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் வைத்துவிட்டுக் கஞ்சி குடிக்கிறேன். கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, “இப்போ நீச்சல் கத்துக்கிறாங்க,” என்றான்.

தண்ணீர் கேனின் வாய். பஸ்ஸில் தலை சாய்த்த இடத்தில் எண்ணெய் வட்டம். டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவுகிற வாளி. அந்த வாளியை அவன் வர்ணித்த வர்ணனையில் பக்கத்தில் நின்ற மூன்று பேர் டீ குடிப்பதையே விட்டார்கள். ஒருவர் மதம் மாறிக் காபிக்குப் போனார். பிறகு அதையும் விட்டார்.

ஒரு நாள் முத்துச்செல்வி ஆசையாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள். “உன் மூக்குல கீற ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு சொட்டு எண்ணெய் நிக்கிது செல்வி. ஜாங்கிரி மாதிரி,” என்றானாம்.

“நைனா,” என்று என்னிடம் வந்து அழுதாள். “மைனஸ் ஆறா இருக்க சொல்ல என்னை எவ்ளோ ஸோக்கா பாத்துக்கினு இருந்தான் தெரியுமா?”

ஒன்றும் தின்னாமல் ஐந்து வாரத்தில் அவன் எட்டு கிலோ இறங்கினான். ஆனாலும் ஆகஸ்ட் பதினான்கு வந்தது. நானும் கூடப் போனேன். கம்பெனி டாக்டர் சண்முகசுந்தரம் சுவரில் எழுத்து அட்டையை மாட்டி, “படிங்க,” என்றார்.

வலது கண்ணால் கதவுக்கு வெளியே, படிக்கட்டில் நின்றே கடைசி வரியைப் படித்தான். அதற்கும் கீழே அச்சடித்தவனின் முகவரியைப் படித்தான். டாக்டருக்கு ஒரே சந்தோஷம். கிட்டத்துப் பார்வைக்கு ஒரு சின்ன அட்டையை நீட்டினார். ராஜசேகர் அட்டையைப் பார்க்கவில்லை. நீட்டிய கையின் நகத்தைப் பார்த்தான்.

“டாக்டர், இதுக்கு முன்னால வந்தவருக்கு மூலமா?”

சண்முகசுந்தரம் கையை மேசைக்குக் கீழே கொண்டுபோனார். இன்னொரு கையால் ‘தகுதி’ என்று முத்திரை குத்திக் காகிதத்தைத் தள்ளிவிட்டார். நாங்கள் வெளியே வருவதற்குள் குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. தேறியது இப்படித்தான். ஆனால் நிரந்தரம் என்ற கடிதம் ஒரு நாள் லைனில் நின்று காட்டிய பிறகுதான்.

அன்று கூண்டுக்குள் நான் இல்லை. ஷிப்ட் பஸ் டிரைவர்கள் சொன்னதை எழுதுகிறேன். பஸ் டிரைவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள்.

முதல் கதவு வந்தது. ராஜசேகர் இடது கண்ணால் குனிந்தான். “பெயிண்ட்டுக்கு உள்ள கொசுக்கால்.” தள்ளிவிட்டான். இரண்டாவது கதவு: “யாரோ தும்மியிருக்காங்க.” மூன்றாவது: “வெத்தல எச்சி, நாலு சொட்டு. பிங்க் கலர்ல தெரியுது.” மத்தியானத்துக்குள் நானூற்றுப் பன்னிரண்டு கதவு. ஒன்றைக்கூட விடவில்லை. கதவு வராததால் அந்தப் பக்கம் கார் நின்றது. ஒன்பது வருஷமாக நிற்காத லைன் நின்றது.

மேனேஜர் தாண்டவராயன் ஓடி வந்தார். நல்ல மனிதர். பதட்டத்தில் வியர்த்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து, அதே கையால் ராஜசேகரின் கையைப் பிடித்துக்கொண்டார். “ராஜா, இன்னாப்பா ஆச்சி?” என்று முகத்துக்கு நேராக, எட்டு அங்குலத்துக்குள் வந்து கேட்டார். ராஜசேகர் அவருடைய வாய்க்குள் பார்த்தான். காலையில் சாப்பிட்டது, நேற்றுச் சாப்பிட்டது, மாட்டுப் பொங்கலுக்குச் சாப்பிட்டது எல்லாம் அங்கே வரிசையாக இருந்ததாம். ஐந்து வாரமாக எதுவும் தின்னாதவனின் வயிற்றில் இருந்து அவ்வளவு எப்படி வந்தது என்று தெரியவில்லை. நானூற்றுப் பதின்மூன்றாவது கதவு, வெள்ளைக் கதவு, அப்போதுதான் உலர்ந்தது.

கழுவிவிட்டு வந்த மேனேஜர் கோபப்படவில்லை. இடது கண்ணுக்குப் பிளாஸ்திரி ஒட்டி, “இப்போ ஒரு கண்ணால பாரு. இதுல தேறுனா வேல உனக்குத்தான்,” என்றார்.

வலது கண்ணால் பார்த்தான். கதவு அவனுக்குத் தெரியவில்லை. அவ்வளவு கிட்டத்தில் இருப்பது எதுவுமே அந்தக் கண்ணில் படவில்லை. கதவைத் தாண்டி, சுவரைத் தாண்டி, வல்லக்கோட்டை ரோட்டில் பானிபூரிக்காரன் முழங்கை வரை பானைக்குள் விட்டுக் கலக்குவது தெரிந்தது.

“ஓகே,” என்றான் ராஜசேகர், கதவைப் பற்றி. பிறகு வாயைப் பொத்திக்கொண்டான்.

“ஒரு கண்ணு எதையும் வுட மாட்டேங்குது, இன்னொரு கண்ணு எதையும் பாக்க மாட்டேங்குது,” என்றார் தாண்டவராயன். “உன்னை வெச்சிகினு நான் இன்னா பண்றது?”

ராஜசேகர் கண்கவசத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்தான். அவர் அதை வாங்கிக்கொண்டார்.

கற்பூரம் அணைத்த கை எரிகிறது, நிஜத்தையும் சொல்லிவிடுகிறேன். கருவிழி மெல்லிசு, எந்த முறையும் ஒத்துவராது என்று இரண்டு ஆஸ்பத்திரியும் முதல் நாள் பரிசோதனையிலேயே ராஜசேகரைத் திருப்பி அனுப்பிவிட்டன. கம்பெனி செய்து கொடுத்த மைனஸ் ஆறு பவர் கண்கவசத்தைப் போட்டுக்கொண்டு அவன் இன்றுவரை அந்த லைனில்தான் நிரந்தரமாக வேலை பார்க்கிறான்.